மூட்டை கட்டும் முன் ஊரைப் பாருங்கள்

ஆயர் ஈத்தாம் உறவுகளுக்கு,

பெர்த் நகரிலிருந்து எழுதுகிறோம்.

நம்மூர், ஜோகூரில் சாலைகளால் பிறந்த ஊர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பழைய கூட்டரசு சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, தெற்கே போன பேருந்துகள் இங்கே நிற்கும். பயணிகள் இறங்கிப் பசியாறி, அவித்த சோளமோ பீங்கான் சாடியோ வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தது ஊரார் போவதை அல்ல, வெளியூரார் போவதை. இப்போது போகிறவர்களில் நம் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். முன்பு தனியாளாகப் போனார்கள். இப்போது மனைவி, மக்களோடு போகிறார்கள். இந்த மடல் அந்தக் குடும்பங்களுக்காக.

ஊரிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணே, ஆஸ்திரேலியா வரலாமா, இல்ல சிங்கப்பூரே போதுமா?" நாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். எந்த நகரம், அதில் எந்தப் பேட்டை என்று கேட்பவர் அரிது. கேட்டால், "மாமா பையன் மெல்பர்ன்ல இருக்கான், ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவான்" என்று பதில் வரும். ஆக நாட்டை ஏஜெண்டு முடிவு செய்கிறார், நகரத்தை மாமா பையன் வீட்டில் காலியாக இருக்கும் அறை முடிவு செய்கிறது. வீட்டுக்காரி என்ன நினைத்தாள் என்பது பெட்டி கட்டும்போதுதான் தெரியவரும்.

நம் பாட்டன்மார்களுக்காவது ஒரு சாக்கு இருந்தது. தோட்டத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கங்காணி தேர்ந்தெடுத்தார். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகும் கங்காணி ஆள் சேர்ப்பு தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கப்பல் கப்பலாக ஆள் வந்தது. பினாங்கு வழியாக வந்தவர்கள் ஜெரெஜாக் தீவின் தனிமை முகாமில் காத்துக் கிடந்து, பிறகு எந்தத் துரையின் தோட்டத்துக்கு அனுப்பினார்களோ அங்கே போனார்கள். ஜோகூரின் ரப்பர் காட்டில் வந்து விழுந்தது அவர்கள் விருப்பமல்ல. பேரப்பிள்ளைகள் கையில் பாஸ்போர்ட்டும் படிப்பும் இருக்கிறது. ஆனாலும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இன்னும் இன்னொருவரிடமே விடுகிறார்கள்.

உலக வங்கி 2011இல் வெளியிட்ட அறிக்கை, மலேசியாவை விட்டு வெளியே வாழ்பவர்கள் சுமார் பத்து லட்சம் பேர் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில் இருப்பதாகவும் சொன்னது. ஜோகூர்க்காரர்களுக்கு இது செய்தியே அல்ல. ஆகவே சிங்கப்பூரிலிருந்தே தொடங்கலாம். இன்னும் சரியாகச் சொன்னால், சிங்கப்பூரில் சம்பளமும் ஜோகூர் பாருவில் வீடும் என்ற ஏற்பாட்டிலிருந்து.

1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இந்தக் கணக்கு ஒன்றுதான் மாசாய், ஸ்கூடாய், தம்போய் தமான்களில் நம்மவர்களைக் குடியேற்றியது. கணக்கில் தவறில்லை. அந்த ஏற்பாட்டில் குடும்பத்தலைவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் சிங்கப்பூருக்கான தரைப்பாலத்தைக் கடந்து, இரவு எட்டு மணிக்கு மேல் திரும்புகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க ஆகும் நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கணக்கில் வராதவை வேறு சில. ஜோகூர் அரசு 2014இல் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. சிங்கப்பூரில் அது சனி, ஞாயிறு. பதினொரு ஆண்டுகள், அதாவது 2025 ஜனவரியில் விடுமுறை பழையபடி மாறும் வரை, வாரம் ஐந்து நாள் சிங்கப்பூரில் வேலை பார்த்த அப்பாவுக்கும் ஜோகூரில் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளை பள்ளியில் இருக்கும். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்தைத் தொடும் காலம் அது.

அடுத்தது 2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடியது. இரண்டு வாரம் என்று சொன்னார்கள். துணிமணி எடுத்துக்கொண்டு அக்கரைக்கு ஓடி, வேலையைக் காப்பாற்றியவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2021 நவம்பர் கடைசியில் தடுப்பூசி போட்டவர்களுக்குக் கொஞ்சம் வழி திறந்தது. தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பிறந்த குழந்தையைத் திரையில் மட்டும் பார்த்த அப்பாக்கள் உண்டு. தாயின் ஈமச்சடங்கைத் திரையில் பார்த்த மகன்களும் உண்டு. இரண்டு நாட்டில் கால் வைத்து நிற்கும் வீடு, எல்லை திறந்திருக்கும் வரைதான் ஒரே வீடு.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு வரவிருக்கும் ரயில் ஐந்து நிமிடத்தில் கொண்டு சேர்க்கும், ஒரு பக்கத்துக்கு மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றும் என்கிறார்கள். நல்லதுதான். காலைத் தூக்கம் கொஞ்சம் கூடும். எல்லை எல்லையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் குடும்பத்தோடு சிங்கப்பூரிலேயே குடியேறலாமே? பலருக்கு அது சரியான முடிவுதான். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. ஊருக்கு அவசரமென்றால் அன்றைக்கே வந்துவிடலாம். ஆனால் ஆண் பிள்ளை உள்ள வீட்டார் ஒன்றை முதல் நாளே பேசிவிட வேண்டும். பெற்றோர் வழியாக நிரந்தரவாசத் தகுதி பெறும் மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். செய்யாமல் தகுதியைத் துறந்து போனால், பிறகு அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். பையனுக்கு ஐந்து வயதாகும்போது கையெழுத்துப் போடுவது அப்பா, பதினெட்டில் சீருடை போடுவது மகன். வீட்டு விஷயமும் உண்டு: நிரந்தரவாசிக் குடும்பம் மூன்று ஆண்டு காத்திருந்த பிறகே வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் மறுவிற்பனை வீடு வாங்க முடியும், அதுவரை பெரும்பாலோருக்கு வாடகைதான்.

இனி ஆஸ்திரேலியா. இங்கே நகரத் தேர்வு சில விசாக்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை நம்மவர்களில் பலர் வந்து இறங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். 491 என்ற திறனாளர் விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் 15 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு விலை, "வட்டாரப் பகுதி" என்று அரசு குறித்த இடத்திலேயே வாழ்ந்து வேலை செய்வது. மூன்று ஆண்டுக்குப் பிறகே நிரந்தரவாசத்துக்கு மனுப் போடலாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன் மூன்றும் அந்தப் பட்டியலில் கிடையாது. பெர்த்தும் கோல்ட் கோஸ்டும் 2019 நவம்பரில் சேர்க்கப்பட்டன. ஆகவே 491 எடுத்தவர் மெல்பர்ன் மாமா பையன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாம், குடியிருக்கப் போக முடியாது.

தொழிலும் ஊரைப் பார்க்கிறது. தாதியரின் பதிவு 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் ஆசிரியர் பதிவும் மின்பணியாளர் உரிமமும் அந்தந்த மாநிலத்தைச் சேர்ந்தவை. வயர்மேன் வேலை தெரிந்தவர், மனைவி ஆசிரியை என்றால், எந்த மாநிலத்தில் இருவருக்கும் விரைவில் வேலைக்கு வழி திறக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் நகரத்தின் பெயரையே உச்சரிக்க வேண்டும். பாதிக் குடும்பங்களில் கணவரின் வேலையை வைத்து ஊரை முடிவு செய்கிறார்கள்; ஊரில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த மனைவி இங்கே வந்து மூன்று ஆண்டு பேரங்காடியில் சாமான் அடுக்குகிறார். வேலையில் இழிவு இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

பெற்றோரைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குக் கசப்பான செய்தி. ஆஸ்திரேலியாவின் சாதாரண முதிய பெற்றோர் விசாவுக்கு இன்று மனுப் போட்டால் காத்திருப்பு 30 ஆண்டுக்கு மேல் என்று அரசே சொல்கிறது. அறுபத்தைந்து வயது அப்பாவுக்கு இதை எப்படி விளக்குவது? பெருந்தொகை கட்டும் விசாவும் பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர், அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகம் பேர், இங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அதனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: பெற்றோர் ஊரிலேயே இருப்பார்கள், பிள்ளைகள் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பெர்த்தின் பக்கம் எங்கள் குடும்பம் சாய்ந்ததற்கு அதுவே பெரிய காரணம். கோலாலம்பூரிலிருந்து பெர்த் ஐந்தரை மணி நேரம், மெல்பர்ன் எட்டு மணி நேரம். இங்கேயும் அங்கேயும் கடிகாரம் ஒன்றே. ஆயர் ஈத்தாமில் அம்மா இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது இங்கேயும் எட்டு மணி. மெல்பர்னில் இரண்டு மணி நேரம் முந்தி ஓடும், கோடையில் மூன்று. கேட்க அற்பமாகத் தோன்றும்; தினமும் அழைக்கும் மகளுக்கு அற்பமல்ல.

பெர்த்தைப் புகழ்ந்து முடித்துவிட்டால் பொய்யாகும். அடுத்த பெரிய நகரமான அடிலெய்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். கோடையில் 40 பாகை சர்வசாதாரணம். 2023இல் நூறு வாடகை வீட்டில் ஒன்றுகூடக் காலியில்லை; ஒரு வீட்டைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். காரில்லாமல் கோவிலுக்குக்கூடப் போக முடியாது. மாண்டோகாலப் பால முருகன் கோவில் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. வடக்குப் பேட்டைகளில் வீடு பிடித்தவர் தைப்பூசத்துக்கு நகரம் முழுவதையும் கடந்து போக வேண்டும்.

தமிழுக்கு என்று பார்த்தால் சிட்னியும் மெல்பர்னும் முந்துகின்றன. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 95,404 பேர். பெரும்பாலோர் அந்த இரு நகரங்களையும் சுற்றித்தான் வாழ்கிறார்கள். சிட்னியின் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் போனால் கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்விலேயே தமிழ் ஒரு பாடம். பிள்ளை தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்து வளர வேண்டும் என்பது உங்கள் முதல் கவலையானால், பெர்த்தை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

"வாழத் தகுந்த நகரங்கள்" பட்டியலைக் காட்டி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். எக்கனாமிஸ்ட் நிறுவனத்தின் பட்டியலில் 2011 முதல் 2017 வரை மெல்பர்ன் ஏழு ஆண்டு தொடர்ந்து முதலிடம். அந்தப் பட்டியல் பார்ப்பது அமைதி, மருத்துவம், பண்பாடு, கல்வி, சாலை வசதி போன்றவற்றை. வாடகையும் விலைவாசியும் அதில் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிக்குக் கஷ்டத்துக்கான படி எவ்வளவு தரலாம் என்று கம்பெனிகள் கணக்குப் போட உதவும் பட்டியல் அது. வீட்டு வாடகையைக் கம்பெனி கட்டும் ஆளுக்கு அது பொருந்தும்.

பட்டியல்களில் ஒருபோதும் வராத ஊர்களில் நம்மைப் போன்றவர்கள் வேரூன்றியிருக்கிறார்கள். பெர்த்துக்குத் தென்கிழக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் கட்டானிங் என்ற கோதுமை ஊர். 1970களில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து மலாய்க் குடும்பங்கள் அங்குள்ள இறைச்சிக்கூடத்து வேலைக்கு வந்தன. இன்று பள்ளிவாசலும் பேரப்பிள்ளைகளுமாக ஊரின் ஒரு பகுதியாகிவிட்டார்கள்.

பிலோயெலா கதை இன்னும் அழுத்தமானது. குவீன்ஸ்லாந்தின் அந்தச் சிற்றூரில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. படகில் வந்த ஈழத்தமிழர்கள் நடேசலிங்கமும் பிரியாவும் அங்கே குடும்பமானார்கள். கணவர் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். 2018 மார்ச்சில் விடியும் வேளையில் அதிகாரிகள் வந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு அவர்களைப் பிடித்துப்போனார்கள். மெல்பர்ன் முகாம், பிறகு கிறிஸ்துமஸ் தீவு. அந்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், விடவில்லை. நான்கு ஆண்டு மனு எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், ஆட்சி மாறும் வரை கத்தினார்கள். 2022 ஜூனில் குடும்பம் பிலோயெலாவுக்கே திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அகதிகளின் நிலையும் திறனாளர் விசாவில் வருபவர்களின் நிலையும் வேறுதான். ஆனாலும் பல லட்சம் பேர் வாழும் நகரத்தின் அடுக்குமாடியில் இருந்திருந்தால், அந்தக் குடும்பத்தைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரராவது கவனித்திருப்பாரா? ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். சிற்றூர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்; நாமும் அப்படி ஓர் ஊரிலிருந்துதான் வருகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் "சரி, எந்த ஊர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பகலில் வீட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கப்போவது யார் என்று பாருங்கள். சம்பாதிப்பவர் எந்த ஊரிலும் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஊர் என்ன தருகிறது, பெற்றோருக்கும் அந்த ஊருக்கும் எத்தனை மணி நேரம் என்பதை முதலில் எழுதிவையுங்கள். சம்பளத்தை அதற்குக் கீழே எழுதுங்கள்.

முடிந்தால் ஒருவர் முன்னதாக வந்து பார்க்கட்டும். டிசம்பர் விடுமுறையில் அல்ல, இங்கே குளிர்காலமான ஜூலையில். விடுமுறைக் காலத்துப் பெர்த் எல்லோருக்கும் பிடிக்கும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஊரில் வீட்டு உரிமையாளர் தந்த நற்சான்று எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், வாடகை ஏஜெண்டு கேட்பார். கையெழுத்துப் போடும் முன் அந்த வீட்டு முகவரி எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள். வில்லட்டன் மாதிரி பெயர் பெற்ற பள்ளிகளின் எல்லை ஒரு தெருவோடு முடியும். எதிர்ச்சாரி வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. வாடகைக்காரர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அன்புடன்,
பெர்த்திலிருந்து, ஆயர் ஈத்தாம் குடும்பம் ஒன்று