எதை எண்ணுகிறோமோ அதுவே முன்னுக்கு வரும்

ஜப்பானின் ஓரிக்கோன் முதன்மைத் தரவரிசை நெடுங்காலம் இசைவட்டு விற்பனையையே எண்ணியது. ஏகேபி48 குழு வட்டோடு வாக்குச் சீட்டும் தந்ததால் ஒரே ரசிகர் பல வட்டுகளை வாங்கினார். 2018 இறுதியில்தான் இணையத்தில் கேட்பதும் கணக்கில் சேர்ந்தது.

2022-இல் பில்போர்ட் தொடங்கிய மலேசியப் பட்டியலும் இணையத்தில் கேட்பதையும் பதிவிறக்கத்தையும் எண்ணுகிறது. நாட்டு மக்கள்தொகையில் 7 விழுக்காட்டைத் தொடாத இந்தியர்களில் ஒரு பகுதி நாம். நாமும் தமிழ்நாட்டுத் திரைப்பாடல்களையே கேட்டால் உள்ளூர்ப் பாடகர் எந்தப் பட்டியலில் தெரிவார்?

ஜொகூர் பாருவில் மின்னலும் கேட்கிறது, சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் கேட்கிறது. ஆனால், புலனத்தில் பகிரும் பாட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது. பாடியவருக்கு ஒரு சென்னும் சேராது. அவரது சொந்தப் பக்கத்தில் கேளுங்கள். வானொலிக்கு அழைத்து, அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.