கூட்டல் கழித்தல் மட்டும் போதுமா?

கணக்கியல் மாணவர்களில் பலருக்கு ஒருங்கிணைந்த நிதியறிக்கை என்றாலே கலக்கம். தாய் நிறுவனத்தையும் அதன் துணை நிறுவனங்களையும் ஒரே நிறுவனமாகக் கருதிக் கணக்குக் காட்டுவதே அது. பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைப் படிக்கும் எனக்கு, இதில் கூட்டல் கழித்தல் பெரிய சவாலாகத் தெரியவில்லை. யாருடைய கணக்கைச் சேர்ப்பது என்ற முடிவே உண்மையான சவால்.

கணக்குப் பகுதி பழகினால் கைவந்துவிடும். 80,000 வெள்ளி அடக்கவிலையுள்ள பொருளைத் தாய் நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்கு 100,000 வெள்ளிக்கு விற்கிறது. ஆண்டு முடிவில் அதில் பாதி விற்காமல் கிடந்தால், 10,000 வெள்ளி லாபத்தை நீக்க வேண்டும். இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினால் பணம் பெருகிவிடுமா என்ன?

முடிவெடுப்பது அப்படியல்ல. மலேசியாவில் 2013 முதல் நடப்பிலுள்ள எம்.எஃப்.ஆர்.எஸ். 10, அனைத்துலகத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 10-ஐ ஒட்டியது. பங்கு விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், உண்மையான கட்டுப்பாடு யார் கையில் என்று அது பார்க்கச் சொல்கிறது. ஒருவரிடம் 48 விழுக்காடு வாக்குகள் இருந்து, மீதி ஆயிரக்கணக்கான சிறு பங்குதாரர்களிடம் சிதறிக் கிடந்தால், கட்டுப்பாடு அவரிடம் இருக்கலாம். 45 விழுக்காடு உள்ளவருக்கு எதிரே தலா 26 விழுக்காட்டுடன் இருவர் இருந்தால், அவ்விருவரும் சேர்ந்து அவரைத் தடுத்துவிட முடியும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தைப் பாருங்கள். ஓர் அமைப்பின் சொத்தில் குறைந்தது 3 விழுக்காடு வெளியார் முதலீடாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட அன்று வழியிருந்தது. என்ரான் அவ்வழியில் கடன்களை மறைத்தது. அந்த 3 விழுக்காடுகூட இல்லாத அமைப்பும் கணக்குக்கு வெளியே நின்றது. 2001 நவம்பரில் பழைய கணக்குகளைத் திருத்திய என்ரான், டிசம்பரில் திவாலானது. ஊழியர்கள் பலரின் ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்தது.

நம் பெற்றோரின் ஊழியர் சேமநிதியும் பங்குச் சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது. சேர்க்க வேண்டிய ஒரு நிறுவனம் விடுபட்டால், பாதிப்பு நம் வீட்டுக்கும் வரலாம்.

எனவே, பயிற்சிக் கணக்குகளோடு நின்றுவிடாதீர்கள். பூர்சா மலேசியா இணையத்தளத்தில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, துணை நிறுவனங்கள் பற்றிய குறிப்பைப் படியுங்கள். பாதிக்கும் குறைவான பங்குள்ள நிறுவனம் ஏன் சேர்க்கப்பட்டது, இன்னொன்று ஏன் சேர்க்கப்படவில்லை என்று கேளுங்கள். விரிவுரையாளர்களும் இக்கேள்விக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் ஒதுக்கலாம். கூட்டுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். கேள்வி கேட்பதற்குத்தான் கணக்காளர் வேண்டும்.