பாட்டியின் கையளவு

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இது ஆற்றுக்கு மட்டுமன்று, அடுப்படிக்கும் பொருந்தும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் நின்றால் மறுநாளே குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரி ஆகிவிடுகிறது. பாலும் மீனும் அரைத்த மாவும் வீணாகின்றன. ஆனால் சாடியிலுள்ள உப்பு நார்த்தங்காயும், டப்பாவிலுள்ள சுண்டை வற்றலும், நன்கு காய்ந்த கருவாடும் மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை.

இவற்றைப் பழங்கால வழக்கம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே நமது கருத்து. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக ஈரம் வேண்டும். வெயில் அந்த ஈரத்தைப் போக்குகிறது. உப்பு, காயிலும் மீனிலும் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாயின் மேல் நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுக்கிறது. செம்மண் பூசிக் காயவைத்த துவரையை வண்டு எளிதில் துளைப்பதில்லை. "ஈரக் கரண்டியைச் சாடியில் விடாதே" என்று பாட்டி அதட்டுவதும் அறிவியலே அன்றோ! ஒரு சொட்டு நீர் போதும், பூஞ்சை பூக்க.

இத்தகைய எளிய அறிவு பெண் கல்விக்கும் துணை செய்யும். நைஜீரியா நாட்டு ஆசிரியர் முகமது பா அப்பா, பெரிய மண்பானைக்குள் சிறு பானையை வைத்து, இடையே ஈரமணலை நிரப்பி, ஈரத்துணியால் மூடினார். நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது. மூன்று நாளில் கெட்டுவிடும் கத்தரிக்காய் 27 நாள் வரை தாங்கியது. 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. விருதினும் பெரிது ஒன்றுண்டு. காய்கறி வாடுமுன் விற்றாக வேண்டுமென்று நாள்தோறும் அலைந்த சிறுமியர் பள்ளி செல்ல வழி பிறந்தது. ஆனால் வறண்ட காற்றில்தான் இப்பானை நன்கு குளிரும். ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் பயன் குறைவு. செய்முறையோடு காரணத்தையும் அறிவதே கல்வி.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அதை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது என்கிறோம். இத்தனை படி காய்க்கு இத்தனை உப்பு என்னும் கணக்கு பல வீடுகளில் எந்த ஏட்டிலும் இல்லை. பாட்டியின் கையளவில் இருக்கிறது. நாம் கேட்டு எழுதாவிடில் அது அவரோடு மறைந்துபோகும்.

பெற்றோரே, வடகம் பிழிய மொட்டைமாடிக்கு வந்தால் மதிப்பெண் குறையும் என அஞ்சாதீர்கள். மகளை மட்டுமன்று, மகனையும் அழையுங்கள். உண்பது இருவருமெனில் காப்பதும் இருவர் கடமையே. ஆசிரியப் பெருமக்களே, கோடைக்கு முன் ஒருநாள் மனையியல் வகுப்பை வெயிலில் நடத்துங்கள். தோழியரே, வரும் விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டுடன் பாட்டியின் அருகே அமர்வோம். அளவையும் எழுதுவோம், காரணத்தையும் எழுதுவோம். அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை.