பாலையாவைப் பாருடா

எங்கள் வீட்டு டிவியில் ‘காதலிக்க நேரமில்லை’ எத்தனை முறை ஓடியிருக்கும் என்று யாரிடமும் கணக்கு இல்லை. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, ஈஸிசேரில் அப்பாவுக்குக் கண் சொருகும் நேரம் பார்த்து ஏதாவது ஒரு சேனலில் போட்டுவிடுவார்கள். நாகேஷ் கதை சொல்லும் இடம் வந்தால் தன்னை எழுப்ப வேண்டும் என்பது நிரந்தர உத்தரவு. எழுப்புவோம். எழுந்தவர் நாகேஷைப் பார்க்கவே மாட்டார். “பாலையாவைப் பாருடா” என்பார்.

சின்ன வயதில் எனக்கு இது விளங்கியதில்லை. குரலை ஏற்றி இறக்கி, விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பயமுறுத்துகிறவர் நாகேஷ். பாலையா சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேட்பு இருக்கிறதே! பிள்ளை படம் எடுக்கிறேன் என்று காசைக் கரைக்கப் பார்க்கிறானே என்று விறைப்பாக இருக்கும் பணக்காரத் தகப்பன், கதை நகர நகரக் கண் அகன்று, உடம்பு ஒடுங்கி, இருட்டில் கொல்லைப்பக்கம் போகப் பயப்படும் பையனைப்போல் ஆகிவிடுகிறார். நாகேஷ் சொல்வது கதையே இல்லை. பாலையா பயப்படுவதால்தான் அது கதையாகிறது. 1964-ல் வந்த படம். ‘கல்யாணப் பரிசு’ எடுத்து ஊரை அழவைத்த ஸ்ரீதர், சித்ராலயா கோபுவோடு சேர்ந்து எழுதியது.

நான் சினிமாவை ஆராய்கிற ஆள் இல்லை. வீட்டில் கூப்பிட்டால் போவேன், பிடிக்காவிட்டால் இடைவேளையில் பப்ஸ் தின்றுவிட்டு மிச்சத்தைத் தூங்கியே கழிப்பேன். இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குத் தேறியது இந்த ஒரு சங்கதிதான்: நகைச்சுவையில் பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்குத்தான் வேலை அதிகம்.

‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செந்தில் சொல்வது ஒரே பதில். கவுண்டமணிதான் அதே கேள்வியைக் கெஞ்சிக் கேட்கிறார், பொறுமையாகக் கேட்கிறார், இந்தத் தடவையாவது ஒழுங்கான பதில் வரும் என்று நம்பிக் கேட்கிறார். கை ஓங்கும்போது தியேட்டர் சிரிக்கும். எனக்கோ அதற்கு ஒரு நொடி முன்னால், அந்த நம்பிக்கை முகத்திலிருந்து வடியும்போதே சிரிப்பு வந்துவிடும். ‘தில்லு முல்லு’வில் ரஜினிக்கு இரண்டு வேஷம் சரி, மீசையில் ஒழுக்கம் இருப்பதாக நம்புகிற முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் இல்லையென்றால் அந்த மீசைக்கு என்ன மதிப்பு?

போன மாதம் குடும்பத்தோடு ஒரு புதுப் படத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். நாயகன், மூன்று நண்பர்கள், நால்வரும் ஒரே நேரத்தில் ‘கவுண்டர்’ அடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஒருத்தன் பேசி முடிப்பதற்குள் அடுத்தவன் வாயைத் திறந்தாகிவிட்டது. நாம் எங்கே சிரிக்க வேண்டும் என்று பின்னணி இசைக்காரர் ‘டொய்ங்’ என்று தட்டிச் சொன்னார். பக்கத்து இருக்கையில் அம்மா பாப்கார்ன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு நாங்கள் சிரித்தோம்.

குடும்பப் படத்திலும் கேட்கிறவருக்குத்தான் வேலை. விசு படம் என்றாலே பேச்சு என்று கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தின் கடைசியை நினைத்துப் பாருங்கள். மகனோடு சண்டை போட்டு வீட்டின் நடுவே கோடு கிழித்து, படம் முழுக்கப் பேசித்தீர்த்த அப்பா அவர். சண்டையெல்லாம் ஓய்ந்து, இனி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று குடும்பமே கூடி நிற்கும்போது, மூத்த மருமகள் லட்சுமி வேண்டாம் என்கிறார். தனித்தனியாக இருந்துகொண்டு, அவ்வப்போது வந்து பார்த்துப் பேசிக்கொண்டு, பிரியமாகவே இருந்துவிடலாம் என்கிறார். விசு கேட்டுக்கொள்கிறார். 1986-ல் ஒரு கூட்டுக்குடும்பப் படம், மருமகள் பேச மாமனார் கேட்க, தனிக்குடித்தனத்தில் முடிந்தது. தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அந்தக் காட்சி வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நிற்பாள். பாட்டி இருந்த காலத்தில் கதவோரமாக நின்று பார்த்தவள், இப்போது உட்கார்ந்து பார்க்கிறாள். என் மனைவி அதைக் கவனித்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் என் பையன் கைபேசியை நீட்டினான். “தாத்தா, உங்க படம்!” அதே கதை சொல்லும் காட்சியை ரீலுக்காக இரண்டு பக்கமும் நறுக்கி, நெட்டுக்குத்தாக ஆக்கியிருந்தார்கள். நடுவில் நாகேஷ் மட்டும் கை காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் யாருடைய தோளோ கொஞ்சம் தெரிந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முப்பது நொடியும் பார்த்தார். திருப்பி ஒருமுறை போடச் சொன்னார்.

“சரி, இன்னொருத்தர் எங்கடா?” என்றார்.