பரிசு எந்தத் தட்டுக்கு?

பொங்கலோ மகளிர் தினமோ சுதந்திர தினமோ நெருங்கும்போது, கோவிலம்பாக்கத்திலும் அதை ஒட்டிய கீழ்க்கட்டளை, நன்மங்கலம், மேடவாக்கம் பகுதிகளிலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கோலப் போட்டிக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது சமையல் போட்டி. ஒரு பொருளை முன்கூட்டியே அறிவித்துவிடுவர். வாழைப்பூ, முருங்கைக்கீரை, கேழ்வரகு என ஏதேனும் ஒன்று. அவரவர் வீட்டில் சமைத்து, வாகனம் நிறுத்துமிடத்தில் போடப்பட்ட நீண்ட மேசையில் கொண்டுவந்து வைப்பர். அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிந்துகொள்ளும் நாள் பல குடியிருப்புகளில் அது ஒன்றுதான். இத்தகைய போட்டிகளை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆயினும், அவற்றின் விதிகளில் ஒன்றை மாற்றியாக வேண்டும் என்று எண்ணுகிறோம். மதிப்பெண் கீழ்த்தளத்து மேசையில் போடப்படாமல், வீட்டில் பத்தியம் காப்பவரின் தட்டில் போடப்பட வேண்டும்.

ஒரே பொருளை மையமாக வைத்துப் போட்டியிடும் வழக்கத்தைப் பரவலாக்கியதில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. 1993இல் ஜப்பானில் தொடங்கிய ‘அயர்ன் செஃப்’ நிகழ்ச்சியில் அன்றைய பொருள் எது என்பதைக் கடைசி நொடியில் திரை விலக்கிக் காட்டுவர். பின்னர் ஒரு மணி நேரம் கடிகாரத்தோடு ஓட்டம். நம் வீடுகளில் ‘குக்கு வித் கோமாளி’யை விரும்பிப் பார்க்காதவர் குறைவு. அரங்கில் நடுவர்கள் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்கின்றனர். ஒரே ஒரு கரண்டியில் நாவைக் கவர வேண்டுமெனில் உப்பும் எண்ணெயும் இனிப்பும் சற்றுத் தூக்கலாகத்தான் இருந்தாக வேண்டும். அது அரங்கின் கட்டாயம். தினமும் மூன்று வேளை அதே மனிதருக்குச் சமைத்துப் போடும் வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நம் குடியிருப்புப் போட்டிகள் அரங்கின் அளவுகோலையே கடன் வாங்கிக்கொண்டன.

இதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது 2023இல். இந்தியா முன்மொழிந்ததை ஏற்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வாண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சிறுதானிய உணவுத் திருவிழாக்களும் சமையல் போட்டிகளும் நடைபெற்றன. மகளிர் சுய உதவிக் குழுக்களும் கல்லூரிகளும் ஆர்வத்தோடு பங்கேற்றன. நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாய விலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் அவ்வாண்டில்தான் தொடங்கியது. மறந்துபோன தானியங்கள் அடுக்களைக்குத் திரும்பியது நல்ல செய்தி என்பதில் ஐயமில்லை. அதே 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர், நீரிழிவுடன் வாழ்வதாகக் கூறியது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்கள், சிறுதானியம் என்றாலே சர்க்கரை நோய்க்கு மருந்து என்று முடிவு கட்டிவிட்டனர்.

போட்டி மேசைகளில் வந்து அமர்ந்தவை எவை? தினை லட்டு, சாமைப் பாயசம், கம்பு வடை, வெல்லப் பாகில் உருட்டிய கேழ்வரகு உருண்டை. பக்கத்தில் ‘சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்’ என்றொரு அட்டை. வெல்லமும் சர்க்கரைதான்; குருதியில் சேரும்போது அது தன் நிறத்தைக் காட்டிச் சலுகை கேட்பதில்லை. தீட்டிய அரிசியின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வேறுபாடு உண்டு, நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. நார்ச்சத்தில் கேழ்வரகு முந்துகிறது என்பது உண்மையே. அந்த நன்மையும், மாவை நைய அரைத்துக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாக்கும்போது பெருமளவு குறைந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் ஏறிய சர்க்கரையைக் கண்டு, “கஞ்சிதானே குடித்தேன்?” என்று வியப்போடு கேட்போர் பலர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது பெரும் கொடை. அதே 100 கிராமில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 100 மில்லிகிராமை ஒட்டி. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். முருங்கைக்கீரையைப் போட்டிப் பொருளாக்கினால் வேறொருவர் சிக்கலில் அகப்படுவார். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர், வழக்கத்துக்கு மாறாக ஒரே நாளில் நான்கு வீட்டுக் கீரைப் பண்டங்களைச் சுவைத்தால் மாத்திரையின் வேலை தளர்ந்துவிடும். அவருக்குக் கீரை விலக்கப்பட்டதன்று. என்றும் ஒரே அளவாக உண்ண வேண்டும் என்பதே அறிவுரை. ஆக, எல்லோருக்கும் நல்லது என்று முத்திரை குத்தத்தக்க பொருள் எதுவும் இல்லை. பொருளைப் புகழ்வதை விடுத்து, அது யாருக்காகச் சமைக்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்காததால் விழா நாளில் ஒருவர் மேலே வீட்டிலேயே தங்கிவிடுகிறார். பக்கவாதத்திலிருந்து மீண்டு வரும் அப்பாவோ, கீமோ சிகிச்சையில் இருக்கும் அக்காவோ, சிறுநீரகப் பத்தியத்தில் இருக்கும் மாமாவோ. அவரைப் பார்த்துக்கொள்பவர் சிறிது நேரம் கீழே இறங்கி வந்து தலைகாட்டிவிட்டு விரைந்து திரும்புகிறார். அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் இரண்டு அடுப்பு எரிகிறது. வீட்டுக்கு ஒரு குழம்பு, நோயாளருக்கு ஒரு குழம்பு. இரட்டைச் சமையலில் களைப்பு சமைப்பவருக்கு. தனித் தட்டில் தனிமை உண்பவருக்கு. பத்தியம் மீறப்படுவது பெரும்பாலும் ஆசையால் என்று சொல்வார்கள். எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மற்றவர் உண்பதையே தானும் உண்ண வேண்டும் என்ற எளிய விருப்பத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எனவே அடுத்த போட்டிக்கு எங்கள் பரிந்துரை சுரைக்காய். சிலர் முகம் சுளிக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொல்கிறதே தவிர, தோட்டத்துச் சுரைக்காயைப் பற்றி அது குறை ஒன்றும் சொல்லவில்லை. விலை மலிவு; ஆண்டின் பெரும்பகுதியும் கிடைக்கும்; பெரும்பகுதி நீர்தான் என்பதால் சர்க்கரையை ஏற்றுவதும் குறைவு. தனக்கென்று வலுவான சுவை இல்லாததால் சமைப்பவரின் கைத்திறன் மறைவதற்கு இடமில்லை. தோலையும் வீணாக்காமல் துவையல் அரைக்கலாம். ஒரே காயை வெவ்வேறு பத்தியங்களுக்கு ஏற்ப வளைக்கவும் முடியும். பாசிப்பருப்புடன் குழைய வேகவைத்துக் கட்டியில்லாமல் மசித்தால், விழுங்கச் சிரமப்படும் சிலருக்கு ஏற்ற பதம் கிட்டும். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை விழுங்கு பயிற்சி அளிப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்க. இவர்களுக்குத் தண்ணீரில் துண்டுகள் மிதக்கும் ரசம், சாம்பாரைவிடச் சீரான கூழே பாதுகாப்பானது. சிறுநீரகப் பத்தியத்தில் இருப்பவருக்குக் காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு வெளியேறும். பருப்பின் அளவு அவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கீமோ சிகிச்சையில் தாளிப்பின் மணமே குமட்டலைத் தருமாயின், வேகவைத்த சுரைக்காயை ஆறவைத்து, அன்று உறைந்த புதிய தயிரில் கலந்த பச்சடி இதமாக இருக்கும். சூடு குறைந்த உணவில் மணமும் குறைவு.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் உடனே உமிழ்ந்துவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கசக்கும் சுரைக்காயில் உள்ள நச்சு கடும் வாந்தியையும் குருதிப்போக்கையும் உண்டாக்கியதுண்டு. சமைத்தாலும் அது நீங்குவதில்லை. உடல்நலத்துக்கென்று பச்சைச் சுரைக்காய்ச் சாறு பருகும் பழக்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், வடகம், ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். உப்பு குறைந்த இடத்தை நிரப்ப நம் அடுக்களையில் வழிகள் ஏராளம்: மிளகு, சீரகம், வறுத்துப் பொடித்த மல்லி, கறிவேப்பிலை, இறக்கும்போது பிழியும் எலுமிச்சை. இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தும் இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

இனி விதிகள். வீட்டில் வழக்கமான மதிய உணவுக்காக ஒரே பாத்திரத்தில் சமைக்க வேண்டும். பத்தியக்காரருக்கென்று தனியாக ஒன்று கூடாது. அவருக்கு உரியதை முதலில் எடுத்துவைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் பின்னர் உப்போ காரமோ கூட்டலாம். வீட்டில் பத்தியம் காப்பவர் முதலில் உண்டு, தம் மதிப்பெண்ணை ஒரு சீட்டில் எழுத வேண்டும். எழுத இயலாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம். அவர் எவ்வளவு உண்டார் என்பதும் அச்சீட்டில் இடம்பெற வேண்டும். மூன்று வாரமாக நான்கு கரண்டியோடு நிறுத்திக்கொண்டவர் அன்று ஒரு கிண்ணம் உண்டார் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழை எந்த நடுவர் தர முடியும்? எண்ணெய், உப்பு, மொத்தச் செலவு ஆகியவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும். பத்தியக்காரர் இல்லாத வீட்டார், அடுத்த வீட்டில் ஒருவர் இருப்பின், அவருடைய கட்டுப்பாடுகளைக் கேட்டறிந்து அவருக்காகச் சமைக்கலாம். அன்று அந்த வீட்டுப் பராமரிப்பாளருக்கு ஒரு வேளை ஓய்வு.

வீட்டிலேயே உண்ண வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னையின் வெயிலில், திறந்த மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் உணவு, எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு ஆபத்து. பரிசு பெற்ற பண்டத்தை அன்போடு பொட்டலம் கட்டி மருத்துவமனைக்கு எடுத்து வருவோரும் உண்டு. தயவுசெய்து வார்டு செவிலியரிடம் காட்டிய பின்னரே நோயாளருக்குக் கொடுங்கள்.

இப்படிச் செய்தால் விழாவின் களிப்பு குன்றிவிடும், மருத்துவமனைச் சாப்பாடு போலாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். குழந்தைகளுக்கான இனிப்பு மேசையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது அதன் இடத்தில் இருக்கட்டும். ஆனால் உப்பையும் எண்ணெயையும் சர்க்கரையையும் கூட்டிச் சுவையேற்றுவது யாருக்கும் கைவரும். ஒரு சுரைக்காயையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் வைத்துக்கொண்டு, வாய் கசந்துபோன ஒருவரை “இன்னும் கொஞ்சம் போடு” என்று கேட்கவைப்பதுதான் கடினமான போட்டி. அதில் பல ஆண்டு பயிற்சி பெற்றவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இதுவரை அவர்களை யாரும் போட்டிக்கு அழைத்ததில்லை.

உங்கள் குடியிருப்பில் இவ்வகைப் போட்டியை நடத்த விரும்பினால், அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது உணவியல் பிரிவில் ஐந்து நிமிடம் அமர்ந்து, உங்கள் வீட்டுப் பத்தியத்துக்குச் சுரைக்காய் பொருந்துமா, எந்த அளவில் பொருந்தும் என்று கேட்டறியுங்கள். பொருந்தாதெனில் பீர்க்கங்காயோ புடலங்காயோ ஆகுமா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.