திறப்பு எங்கட கையில, பூட்டு ஆரின்ர கையில?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்பீங்கள். எங்களில் ஒருத்தரிட்டையும் கார் இல்லை. பஸ்ஸும் சைக்கிளும்தான். ஆனால் ‘உடைமை’ என்றால் என்ன என்பதை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்துவிட்டு வந்த எங்களுக்கு, அந்தக் கேள்வி ஒரு கராச்சுக்குள் ஒயில் மணத்தோடு கிடந்ததைக் காணக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய காரில் ஒரு சாமான் பழுதாகிறது. அதே சாமானைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுகிறீர்கள். கார் ஓடாது. கொம்பனியின் கொம்பியூட்டர் ‘சரி’ என்று சொன்னால்தான் ஓடும். இது அநியாயம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சாமானின் பெயர் பொடி கொன்ட்ரோல் மொடியூல். கராச்சுகளில் பீ.சி.எம். என்பார்கள். பெரும்பாலும் டாஷ்போர்ட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும், சாப்பாட்டுப் பெட்டி அளவான ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. லைற், சிக்னல், வைப்பர், ஹோர்ன், கதவு லொக், கண்ணாடி ஏற்றி இறக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. முந்தி வைப்பர் சுவிச்சைத் திருப்பினால் கரண்ட் மோட்டருக்குப் போகும், அவ்வளவுதான். இப்போது பல கார்களில் சுவிச் ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. அதைப் படித்து, வைப்பர் ஓடலாமா இல்லையா என்று முடிவெடுப்பது இந்தப் பெட்டி. காருக்குள் இருக்கிற பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கான்’ என்ற முறை இருக்கிறது. முறுக்கிய இரண்டு வயரில் முழுக் கதையும் போகும். நல்ல கண்டுபிடிப்புத்தான். கார் முழுக்கப் பின்னிக் கிடந்த வயர்க் கும்பம் குறைந்துபோனது. சிக்கல் என்னவென்றால், பல மொடல்களில் இதே பெட்டிதான் காவல்காரன் வேலையும் பார்க்கிறது. உங்கள் திறப்புக்குள் இருக்கிற சின்னச் சிப்பின் இலக்கத்தைப் படித்து, ‘இது வீட்டுக்காரர்தான்’ என்று உறுதிப்படுத்தினால்தான் என்ஜின் பத்தும்.

எங்கள் நண்பி ஒருத்தியின் அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடுகிறவர். ரீகண்டிஷனாக வந்த சின்ன ஜப்பான் கார். போன மாரியில் அதற்குப் பேய் பிடித்தது. வெயில் எறிக்கும்போது வைப்பர் தன்பாட்டுக்கு ஓடும். இரவில் கதவு தானாகப் பூட்டித் திறக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் பற்றரி இறங்கிக் கிடக்கும். அயலில் இருந்த பாஸ் நல்ல மனிசன், அவசரப்படவில்லை. முதலில் பற்றரி வோல்டேஜ், பிறகு பியூஸ், பிறகு ஏர்த் வயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பற்றரி வலு குறைந்தாலோ ஏர்த் கழன்றாலோ இதே கூத்துகள் வரும் என்றும், அதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றுகிறவர்கள் ஆட்களின் காசைக் கரைக்கிறார்கள் என்றும் சொன்னார். கடைசியில் பெட்டியைக் கழற்றினால், பிளக்கின் பின்கள் பச்சை பிடித்துப்போய் இருந்தன. முன்கண்ணாடி ரப்பருக்கால் மழைத்தண்ணி கசிந்து வயர் வழியே இறங்கியிருக்கிறது. ‘இதை அடைக்காமல் புதுசு போட்டால் அடுத்த மாரிக்கு அதுவும் போகும்’ என்று ரப்பரை முதலில் மாற்றினார்.

அதுவரைக்கும் எல்லாம் ஒரு பாஸின் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய வேலை. அதற்குப் பிறகுதான் சுவர்.

கொழும்பிலுள்ள ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டால், புதுப் பெட்டி ஓடர் கொடுத்துத்தான் வரவேணும், காரையும் ஏற்றிக்கொண்டு வரவேணும், கொம்பியூட்டரில் இணைக்கிற வேலை தங்களால் மட்டும்தான் முடியும் என்று பதில் வந்தது. புதுப் பெட்டி வெறும் மூளையோடு வரும். இது எந்தக் கார், மூடுபனி லைற் இருக்கிறதா, அலாம் இருக்கிறதா என்று எல்லாம் அதற்குள் எழுதவேணும். செஸி இலக்கத்தைப் பதியவேணும். திறப்புகளை அறிமுகம் செய்யவேணும். சரி, பழசு ஒன்று தேடுவம் எண்டு பஞ்சிகாவத்தையில் ஆள் விட்டு, பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்த பெட்டி ஒன்றை எடுப்பித்தார்கள். பூட்டியதும் லைற் எரிந்தது, வைப்பர் சொன்னபடி கேட்டது. என்ஜின் சுத்துது, ஆனால் பத்துதில்லை. அந்தப் பெட்டி இன்னும் ஜப்பானில் உடைத்த ஏதோ ஒரு காரின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

ரவுணில் இலெக்ரோனிக் வேலை செய்கிற ஒரு பெடியன்தான் காப்பாற்றினான். பழைய போர்ட்டில் இருந்த எட்டுக்கால் சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, அதிலிருந்ததைப் படித்து, மற்றப் பெட்டியின் சிப்பில் அப்படியே எழுதினான். பதினெட்டு நாள் நின்ற கார் பத்தியது. ‘பழைய சிப் எரிஞ்சிருந்தால் நானும் ஒண்டும் செய்யேலாது அண்ணை’ என்றான். அவன் எதையும் உடைக்கவில்லை, காருக்குச் சொந்தக்காரரின் தகவலை அதே சொந்தக்காரரின் காருக்குள் இடம் மாற்றினான். இருந்தும் அதை ஏதோ கள்ள வேலை மாதிரிக் கடையின் பின்அறையில் வைத்துத்தான் செய்யவேண்டியிருந்தது. இணையத்தில் தேடித் தேடி, இரண்டு போர்ட்டை நாசமாக்கித்தான் பழகினானாம். கொம்பனியின் புத்தகத்தில் சில பக்கங்களில் இருக்கக்கூடிய விசயம்.

இந்த மண்ணில் இதைச் சொல்லும்போது எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்தில், கார்களும் மோட்டார்சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். எங்களுக்கு அது பெற்றோரின் கதை, நாங்கள் பார்க்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தன என்றால், அவற்றுக்குள் ஒரு மெக்கானிக்கின் கை போகமுடியாத அறை எதுவும் இருக்கவில்லை. அந்தப் புகையும் கஷ்டமும் திரும்ப வரவேண்டாம். ஆனால் அன்றைக்கு ஒரு பொடிப்பிள்ளை பார்த்துப் பழகிய தொழிலை, இன்றைக்கு லைசன்ஸ் இல்லாத ஸ்கானரோடு திருட்டுத்தனமாகப் பழகவேண்டியிருக்கிறது.

பூட்டுக்குக் காரணம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆர் வேண்டுமானாலும் ஒரு பெட்டியை மாற்றி என்ஜினைப் பத்தவைக்கலாம் என்றால், கார்க் கள்ளருக்குக் கொண்டாட்டம். எங்களோடு வாதாடிய இயந்திரவியல் நண்பன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கண்ட நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பூட்டுத் தொழிலாளர்களும் வெளி மெக்கானிக்குகளும் தங்கள் பின்னணியைச் சரிபார்ப்பித்துப் பதிவு செய்துகொண்டால், திறப்புக் குறியீடுகளைச் சட்டபூர்வமாகப் பெற ஒரு பதிவேடு இருக்கிறது. ஐரோப்பாவிலும் களவுத் தடுப்போடு சம்பந்தப்பட்ட தகவலுக்கு வெளிக் கராச்சுகளை அங்கீகரிக்கிற முறை வந்துவிட்டது. ஆர் எடுத்தது, எந்தக் காருக்கு எடுத்தது என்று பதிவு இருந்தால் கள்ளனைப் பிடிப்பது இன்னும் லேசு. ஏஜென்டிடம் மட்டும் கொடுத்தால்தான் பாதுகாப்பு என்கிற வாதத்துக்குள் பாதுகாப்பைவிட வியாபாரம் கூட.

சட்டமும் வானத்தில் இருந்து விழவில்லை. மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்குப் போட்டார்கள்: ஏஜென்டுக்குக் கொடுக்கிற பழுதுபார்க்கும் தகவலை வெளிக் கராச்சுக்கும் நியாயமான விலையில் கொடுக்கவேண்டும் என்று. 2014இல் கார்க் கொம்பனிகள் அதை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டன. கார்கள் கம்பியில்லாமல் அனுப்புகிற தரவையும் சேர்க்கச் சொல்லி 2020இல் அதே மாநிலம் திரும்ப வாக்களித்தது. கொம்பனிகள் வழக்குப் போட்டன, எதிர்பார்த்ததுதானே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 ஒழுங்குவிதியும் இதைத்தான் கேட்கிறது. பக்கத்து இந்தியா 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் வாகனமும் ஒன்று.

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லை. அதுவும் எப்படிப்பட்ட நாட்டில்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவைத் திறந்த நாட்டில். அந்த ஐந்து வருசமும் இருந்த கார்களை ஓடவைத்தது ஏஜென்ட் மட்டுமில்லை. ஒழுங்கைகளில் இருக்கிற பாஸ்மார்தான் பெரும்பங்கு. டொலர் இல்லாத நாட்டில் ஒரு பழைய பெட்டியைத் திரும்பப் பாவிப்பது அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கிற வேலையும்தான். அதைச் செய்கிறவனுக்கு நாங்கள் கொடுத்திருக்கிற மரியாதை, பின்அறை.

இப்போது மின்சாரக் கார்கள் வந்து இறங்குகின்றன. அவற்றில் பெட்டிகள் இன்னும் கூட, பூட்டுகளும் கூட. ஆகவே இறக்குமதி அனுமதி கொடுக்கும்போதே கேட்கச் சொல்கிறோம்: இங்கே விற்கிற ஒவ்வொரு மொடலுக்கும் வயரிங் படமும் பழுதுபார்க்கும் நூலும் கொடுக்கவேண்டும், பெட்டியையும் திறப்பையும் அறிமுகம் செய்கிற மென்பொருள் பதிவு செய்த எந்தக் கராச்சுக்கும் கட்டுப்படியான கட்டணத்தில் கிடைக்கவேண்டும். ரீகண்டிஷன் கார்களுக்கு இது சிக்கலான விசயம் என்று தெரியும், கொண்டுவருகிறவர் வேறு, செய்தவர் வேறு. அதற்குப் பதிவேடும் பயிற்சியும் அரசாங்கம்தான் தொடங்கவேணும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறது. அங்கே இருந்து ஒரு மாலைநேர வகுப்பைத் தொடங்கினாலே, அந்தப் பெடியன் முதல் வாங்கில் வந்து இருப்பான். படிப்பிக்கவும் கூடும்.