பழி யார்மீது?

பல்கலைக்கழகச் சேவையகம் கர்னல் பேனிக்கில் நின்றுவிட்டால், கடைசியாக நிரல் ஓட்டிய ஆய்வு மாணவரே குற்றவாளி ஆக்கப்படுகிறார். இது அநீதி, அறியாமையும்கூட. லினக்ஸில் சாதாரணப் பயனரின் நிரல் எத்தனை பிழைபட்டதாயினும் கர்னலை வீழ்த்தக் கூடாது. நினைவகம் தீர்ந்தால்கூடப் பெரும்பாலும் அந்த நிரல்தான் கொல்லப்படும். கர்னலே விழுந்ததெனில் முதலில் ஐயுற வேண்டியவை டிரைவர், நினைவகச் சில்லு, கர்னலின் சொந்தப் பிழை ஆகியவையே.

கேடம்ப் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தால், ஒதுக்கி வைத்த இடத்திலிருந்து இரண்டாவது கர்னல் எழுந்து, விழுந்த கர்னலின் நினைவகப் படிமத்தை வட்டில் எழுதிவிடும்; எங்கே இடறியது என்பதை அதில் தேடலாம். அதற்குச் சில நூறு மெகாபைட் ஒதுக்க மனமில்லாத துறைகள் மின்விசையை அணைத்துப் போடுகின்றன (சான்றும் அத்துடன் அழிகிறது). பிறகு மாணவரின் கணக்கை முடக்குகின்றன. பல வாரக் கணிப்பை இழந்தவரும் அவர்தான்.